முதல் பெஞ்சுக்காரி

“டிசி வாங்கித் தாருங்கப்பா. நான் குழித்துறைப் பக்கம் வேற காலேஜுக்கு மாறப்போறேன்” என்றாள் ஸ்மைலின்.

“சுசீந்திரத்துல இருந்து அவ்வளவு தூரமா? நாகர்கோவில்ல சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகல்ல. என்ன கொறை மக்கா?” என்றார் இஸ்ரவேல்.

“அந்த முதல் பெஞ்சுக்காரிதான் கொறை! அவ ஒரு கேள்வி கேட்டா போதும், சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. என் கூட்டுக்காரியெல்லாம் இப்ப அவகூடத்தான் சாப்பிடுதாளுவ. என்னை ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கல்ல.”

நேற்று பேச்சுப் போட்டியில் அந்த முதல் பெஞ்சுக்காரிக்குக் கிடைத்த கைதட்டலை நினைத்தபோதே ஸ்மைலினின் குரல் உயர்ந்தது.

“மெதுவா பேசு மக்கா. அவ நல்லா படிக்கா, அதுக்கு என்ன செய்ய?”

“அப்போ அவளை மாறச் சொல்லுங்க!”

அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு அம்மா வந்தாள்.

“நீ போணும்னா போ மக்கா. வெடியக்காலம் எழும்பிச் சோறு கட்டித் தாறேன். ஆனா நான் மாறமாட்டேன். நீ வயித்துல இருக்கும்போ ஒனக்காவ காலேஜ விட்டேன். இப்பதான் திரும்பவும் சேர்ந்திருக்கேன். இனி ஒனக்காவக்கூட விடமாட்டேன்.”