கிட்டப் போய் எடுக்கணும்

"பத்தே நாள்ல பொண்டாட்டி மூஞ்சி கசந்துபோச்சு பாருங்க அந்த ஆளுக்கு!"

ஹனியா போனைக் கட்டில்மேல் விட்டெறிந்தாள். டீ ஆற்றிக்கொண்டிருந்த அவள் புருஷன் இத்ரீஸ் திரும்பினான்.

"யாருக்கு?"

"செல்வராஜுக்கு. படாளத்துல கல்யாணம் எடுத்தோமே, அந்த மாப்பிள்ளைக்கு."

செங்கல்பட்டில் இருவரும் சேர்ந்துதான் கல்யாணப் போட்டோ எடுக்கிறார்கள். படம் எடுப்பது ஹனியா. லைட் பிடிப்பது, வண்டி ஓட்டுவது, சண்டை வந்தால் சமாதானம் பேசுவது எல்லாம் இத்ரீஸ்.

"நாளைக்கு மகாபலிபுரத்துல அவங்களுக்கு அவுட்டோர் போட்டோ இருக்குல்ல? போர்ட்ரெயிட் லென்ஸ் வேணாமாம். மேக்ரோ கொண்டாங்கன்றாரு. 'மூஞ்சி முழுசா வேணாம் மேடம், கிட்டப் போய் எடுக்கணும்'ன்றாரு."

"மேக்ரோவா? அது எறும்புக் காலு, மோதிரக் கல்லு எடுக்கறதாச்சே!"

"அதேதான். பொண்டாட்டி கை வேணும், மோதிரம் வேணும், மூஞ்சி வேணாம். ஏன்னு புரியலையா உங்களுக்கு?"

இத்ரீஸுக்குப் புரிந்தது. மணப்பெண் பிரபாவதிக்கு இடது கண்ணிலிருந்து தாடை வரைக்கும் வெண்புள்ளி. மாநிற முகத்தில் பளிச்சென்று தெரியும்.

"கஸ்டமர் கேக்கறத எட்த்துகினு போவோம், ஹனியா. முபஷ்ஷிர் கடைல மேக்ரோ வாடகைக்குக் கீது. நமக்கு இன்னாத்துக்கு பேஜாரு?"

"வாங்கிக்குங்க. பைலயே கெடக்கட்டும். நான் போர்ட்ரெயிட்லதான் எடுப்பேன். அந்தப் பொண்ண ராணி மாதிரி காட்டலன்னா என் பேரு ஹனியா இல்ல."

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்குள் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். சவுக்குத் தோப்பைத் தாண்டி பிரபாவதி மணலில் வெறுங்காலோடு நடந்து வந்தாள். அவள் செருப்பு செல்வராஜ் கையில் இருந்தது.

'நடிப்பப் பாரு' என்று ஹனியா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். போர்ட்ரெயிட் லென்ஸை மாட்டினாள்.

"பிரபா, முகத்த அந்தப் பக்கம் திருப்பும்மா. இன்னும் கொஞ்சம். ஆங்... இந்த வலது பக்கம் மட்டும் தெரிஞ்சா போதும்."

பின்னாலிருந்த கடலும் படகுகளும் மங்கிக் கரைய, முகம் மட்டும் மெத்தென்று விழுந்தது. ஹனியாவுக்குத் திருப்தி.

இருபது படம் ஆகியிருக்கும். செல்வராஜ் மெதுவாகக் கிட்டே வந்தான்.

"மேடம்... அந்த இன்னொரு லென்ஸு?"

"இதுலயே நல்லா வருது தம்பி."

ரெண்டடி தள்ளிப் போனான். மறுபடி வந்தான்.

"இல்ல மேடம், மேக்ரோல ஒரே ஒரு..."

ஹனியாவுக்குப் பொறுக்கவில்லை. கேமராவை இறக்கினாள்.

"ஏன் தம்பி, தெரிஞ்சுதானே கட்டினீங்க? இப்ப கட்டின பொண்டாட்டி மூஞ்ச வெளிய காட்ட வெக்கமா இருக்கா? கையையும் வளையலையும் படம் எடுத்து செவுத்துல மாட்டிக்கிறதுக்கு இவங்க எதுக்கு?"

"ஹனியா!" என்றான் இத்ரீஸ்.

செல்வராஜ் திருதிருவென்று முழித்தான். "வளையலா? வளையல் யாரு மேடம் கேட்டது?"

அவன் பிரபாவதியின் தாடையைத் தொட்டு இடது கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

"இங்க பாருங்க. இந்தக் கண்ணுல, இமை முடி நாலு மட்டும் வெள்ளையா கீது. கண்ணு கொட்டும்போது அவ்ளோ அழகா இருக்கும். செல்போன்ல எட்த்தா மங்கிப்பூடுது. எங்கூட வேலை செய்ற மோசஸ்தான், மேக்ரோ லென்ஸ்னு ஒண்ணு கீது, கிட்டப் போய் எடுக்கலாம்னு சொன்னான்."

"ஐய, சும்மா இருங்க" என்று பிரபாவதி முகம் சிவந்தாள்.

ஹனியா இத்ரீஸ் பக்கம் கையை நீட்டினாள். இத்ரீஸ் மேக்ரோவை எடுத்துக் கொடுத்தான்.

மாட்டிக்கொண்டு, மூச்சுக்காற்று படுகிற தூரத்துக்குப் போனாள். லென்ஸுக்குள் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக, வெள்ளை நூல் மாதிரி வளைந்து நின்றது.

"நாலு இல்ல தம்பி. ஆறு இருக்கு."

"ஆறா! நல்லா எண்ணிட்டீங்களா மேடம்?" அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஹனியா சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணும் கலங்கியது.

"அல்லாவே... உங்களப் போயி தப்பா நெனச்சிட்டேன் தம்பி. இவங்க மூஞ்ச மறைக்கப் பாக்கறீங்கன்னு நேத்துலருந்து ஒரே கோவம்."

பிரபாவதி புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"அக்கா... கல்யாணப் போட்டோ அனுப்பிச்சீங்கல்ல? அதுல என் கன்னத்துல இருந்த வெள்ளைய ஒண்ணு விடாம அழிச்சிட்டீங்க. எனக்கு நல்லதுன்னுதான் பண்ணீங்க. தெரியும்க்கா."

உண்மைதான். யாரும் கேட்கவில்லை. ஹனியாவேதான் மூன்று நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து அழித்திருந்தாள்.

"ஏன், போட்டோ... நல்லா வரலையா?" குரல் இறங்கிக் கேட்டாள்.

செல்வராஜ் பிடரியைச் சொறிந்தான்.

"சூப்பரா கீது மேடம். எங்க மாமா கீறாரு, அத்தை கீறாங்க, பந்தியில அப்பளம் கேக்கற பெரியப்பா கூட கீறாரு. எம் பொண்டாட்டியத்தான் ஒண்ணுலயும் காணோம்."