சோற்றுக்கு அடியில் நாலு துண்டு

சாப்பாட்டு டப்பா ஆய்வகத் தலைவரின் மேஜை மேல், கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல் உட்கார்ந்திருந்தது. அதைச் சாப்பாட்டு அறையிலிருந்து தூக்கி வந்தவள் பதிவேடு எழுதும் அக்கா. டப்பாவைத் தொட்ட கையைத் தன் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தாள்.

“சோத்தைத் தள்ளிப் பாருங்க சார். அடியில இருக்கு.”

தள்ளிப் பார்க்கத் தேவையில்லை. வாசனையே காட்டிக் கொடுத்துவிட்டது. சோற்றுக்கு அடியில் நாலு துண்டு ஈரல்.

டப்பாவுக்குச் சொந்தக்காரி தலையைக் குனிந்தபடி நின்றாள். புது மாத்திரைகளை முயலுக்குக் கொடுத்துச் சோதிக்கும் ஆய்வகம் அது. முயல் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்துக் கணக்கெடுப்பது அவள் வேலை. சேர்ந்து இன்றோடு ஆறு மாதம். நிரந்தரமா, வீட்டுக்கா என்று கடிதம் வரும் நாள்.

அதனால்தான் அப்பா விடிந்ததும் தன் கறிக்கடையில் முதல் ஆட்டின் ஈரலை விற்காமல் எடுத்து வைத்திருந்தார். ‘சைவ உணவு மட்டும்’ என்று சாப்பாட்டு அறையில் பலகை தொங்குவது அம்மாவுக்கும் தெரியும். அப்பா மனசும் கோணக்கூடாது, மகள் வேலைக்கும் கேடு வரக்கூடாது என்று சோற்றைப் போட்டு மூடி அனுப்பிவிட்டாள்.

“ஏன் மெடலு, படிச்சவதானே நீ?” என்றாள் அக்கா. தங்க மெடல் வாங்கியவள் என்பதால் அங்கே அவளுக்கு அதுதான் பேர். “ஒரு உயிரைக் கொன்னுதான் உன் வயிறு நிறையணுமா?”

“நான் எதையும் கொன்னதில்லக்கா.”

“தின்னாலும் கொன்ன பாவம்தான். காலையில நாப்பது முயலுக்கும் என் கையால கேரட் குடுத்தேன். ஒண்ணொண்ணும் குழந்தை மாதிரி என் முகத்தையே பாக்குது. அதுங்க மூஞ்சியப் பாத்தப்புறமும் உனக்குத் தொண்டையில எப்படி இறங்குது?”

அக்கா இப்படிப் பேசுவது புதிதல்ல. ஆறு மாதமாக இவளும் வாயைத் திறக்காமல், அப்பாவின் கடையைப் பற்றி மூச்சு விடாமல்தான் காலம் தள்ளியிருந்தாள். மறைக்கிறோமே என்று தினமும் தன் மேலேயே எரிச்சல் வரும். வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. சின்ன வயதில் கத்திப் பக்கம் போனாலே அப்பா முறைப்பார். “அதைக் கீழ வை. போய்ப் படி.”

படித்தாள். நேர்காணலுக்கு வந்த அன்று தலைவர் பாடத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் எதையோ பேனாவால் வட்டமிட்டார். “நாளைக்கே வந்துடும்மா” என்றார். மெடலின் மகிமை என்று அன்று தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார் அப்பா.

“நீங்க போங்க, நான் பேசிக்கறேன்” என்று அக்காவை அனுப்பிவிட்டுத் தலைவர் கதவைச் சாத்தினார். ஒரு கோப்பின் முனையால் டப்பாவை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார்.

“நான் முட்டைகூடத் தொடமாட்டேம்மா. எறும்பு ஊர்ந்தா ஒதுங்கித்தான் நடப்பேன். எங்க வீட்டு வளர்ப்பு அப்படி.”

“இனிமே கொண்டு வரமாட்டேன் சார்.” தன் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை. “வேலையில ஒரு குறை சொல்லுங்க, போயிடறேன். இதுக்காக மட்டும் அனுப்பிடாதீங்க.”

“யார் அனுப்பறாங்க? வெளியில மரத்தடியில உக்காந்து சாப்பிடு, அவ்வளவுதானே.” சிரித்துக்கொண்டே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். நிரந்தரம் என்றுதான் எழுதியிருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதரைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்றிருந்தது.

தலைவர் இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கடிதத்தின் மேல் வைத்தார். பின்பக்க அறையின் சாவி. இவளுக்கு முன்னால் இவள் இடத்தில் இருந்தவர் ஓய்வுபெற்றுப் போனதிலிருந்து அந்த அறை பூட்டியே கிடந்தது.

“சோதனை நேத்தோட முடிஞ்சுது. மூணு மணிக்குள்ள நாப்பதையும் முடிச்சிடு. ஊசி உள்ளேயே இருக்கு. அப்புறம் அறுத்து, ஈரலை மட்டும் தனித்தனியா எடை போட்டு எழுதிடு.”

“முயலையா சார்?”

“பின்ன?”

“நான் ஒரு கோழியைக்கூட அறுத்ததில்ல சார். அக்காதானே சீனியர்? அவங்க...”

“ஐயோ, அவங்களுக்கு மனசு கேக்காதும்மா. கேரட் குடுத்த கை. எனக்கும் பாக்க முடியாது.”

“எனக்கு மட்டும் மனசு கேக்குமா சார்? மெடலைப் பாத்துதானே என்னை எடுத்தீங்க?”

தலைவர் அவளுடைய விண்ணப்பத்தைக் கோப்பிலிருந்து உருவி, வட்டமிட்ட இடத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“மெடல் வாங்கினவங்க அன்னைக்கு ஒம்பது பேர் வந்திருந்தாங்க. கறிக்கடைக்காரர் பொண்ணு நீ ஒருத்திதாம்மா.”