மச்சானைப் பூட்டியவன்

என்டர் விசைக்கு மேலே அவன் விரல் அந்தரத்தில் நின்றது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. தட்டிவிட்டால் மச்சானின் கதை முடிந்தது.

மேலாளரின் செய்தி சுருக்கமாக வந்திருந்தது. "கொள்முதல் பிரிவுத் தலைவர் என் அறையில் இருக்கிறார். வெளியே வருவதற்குள் அவர் அக்கவுண்டைப் பூட்டிவிடுங்கள். யாரிடமும் மூச்சு விட வேண்டாம்."

இந்த அலுவலகத்தில் ஆளை அனுப்பும் முறையே அதுதான். உள்ளே உட்காரவைத்துத் தன்மையாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். வெளியே சிஸ்டம் அட்மின், அதாவது இவன், சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட வேண்டும்.

கொள்முதல் பிரிவுத் தலைவர் வேறு யாருமல்ல, இவன் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன்.

செலவைக் குறைக்க ஒருவரை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று சில நாட்களாகவே பேச்சு அடிபட்டது. அந்த ஒருவர் தான்தான் என்று அட்மின் தூக்கத்தைத் தொலைத்திருந்தான். மனைவி வேறு நிறைமாதம். இப்போது மச்சானின் பெயரைப் பார்த்ததும் அவனுக்கு முதலில் வந்தது, வெட்கக்கேடு, நிம்மதிப் பெருமூச்சுதான்.

மச்சானுக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். "மாப்ளைக்கு என்ன கஷ்டம்? நாள் பூரா கறுப்புத் திரையை முறைச்சுப் பார்த்தா சம்பளம்" என்று பந்தியில் நாலு பேர் முன்னால் சொல்கிற மனிதர். முந்தாநாள் மேலாளர் அறைக்குள் போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்தார். "உள்ள உங்க பேருதான் சார் அடிபட்டுச்சு" என்று வரவேற்பறைப் பெண் வந்து வத்திவைத்தாள். மச்சான் தன்னைப் போட்டுக்கொடுத்துவிட்டார் என்று அன்றிலிருந்து அவன் உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தான்.

ஆனாலும் கை வரவில்லை. அந்த வரியை அழித்துவிட்டு, வேறொரு கட்டளையை அடித்தான். பூட்டுவதற்கு முன் மச்சான் பெயரில் இருக்கிற பொது ஃபோல்டர்களை வேறு யாருக்காவது மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிரிவே நாளைக்குத் திணறிப்போகும்.

திரையில் வரிசையாகப் பெயர்கள் இறங்கின. எல்லா ஃபோல்டருக்கும் ஏற்கெனவே மச்சானின் உதவியாளர்தான் உரிமையாளர். மாற்றியது மச்சான். மாற்றிய நாள் நேற்று.

அவனுக்குப் பகீரென்றது. பாஸ்வேர்டை மறந்துவிட்டு வாரம் தவறாமல் கூப்பிடுகிறவர் இதை எப்படிச் செய்தார்? எதையாவது சுருட்டப் பார்க்கிறாரோ என்று அவசரமாகத் துழாவினான். ஒரு கோப்புகூட வெளியே போகவில்லை.

செல்போன் அதிர்ந்தது. மனைவி.

"அண்ணன் போனே எடுக்க மாட்டேங்குறாரு. அங்கதான இருக்காரு?"

"மீட்டிங்ல இருக்காரு."

"உங்க குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஏசி குளிருது, வேற ஒண்ணுமில்ல."

"சரி, அவரையும் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. வழியில ரெண்டு பேரும் சண்டை போட்டுக்காதீங்க."

போனை வைப்பதற்குள் திரையின் மூலையில் மேலாளரின் செய்தி எட்டிப் பார்த்தது. "முடிந்ததா?"

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மச்சானின் முதுகு தெரிந்தது. ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தான். சொன்னால் தன் வேலையும் போகும். பிள்ளை பிறக்கும் நேரத்தில் இரண்டு பேரும் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அழித்த வரியைத் திரும்ப அடித்தான். நிச்சயமாகவா என்று கேட்டது கம்ப்யூட்டர். அதற்கென்ன, அதற்கு மச்சானா மைத்துனனா. ஆம் என்று தட்டினான். அக்கவுண்ட் பூட்டப்பட்டது. ஒவ்வொரு குழுவிலிருந்தும் மச்சானின் பெயர் உதிர்ந்தது.

அறைக்குள் மேசை மேல் கிடந்த மச்சானின் போனில் அந்த அறிவிப்பு ஒளிர்ந்தது. குனிந்து பார்த்தவர், எழுந்து மேலாளருக்குக் கை கொடுத்துவிட்டு நேராக அட்மினின் மேசைக்கு வந்தார். சுற்றிலும் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது.

அட்மின் எழுந்து நின்றான். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான்.

"பூட்டிட்டியா?"

"மச்சான், எனக்கு வேற வழி..."

"எல்லா ஃபோல்டர்லயிருந்தும் எடுத்தியா? பாதியில விட்டுடாத. உன் பொழப்பே அரைகுறைதான்."

இந்த நேரத்திலும் நக்கல். ஒரு நொடி சந்தோஷப்பட்டோமே என்று அவனுக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அவகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மச்சான் சொல்வேன்? உங்க அண்ணனை நான்தான் பூட்டினேன்னு தெரிஞ்சா, என்னை வீட்டுக்குள்ளயே விட மாட்டா."

மச்சான் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவன் கையில் திணித்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"பூட்டினதைச் சொல்லு மாப்ள. உனக்குப் பதிலா என்னை அனுப்பச் சொல்லி நான் கேட்டதை மட்டும் சொல்லிடாத."