பால்கனியில் ஆள் இல்லை

'டமார்' என்று கதவை உதைத்துத் தள்ளிக்கொண்டு அண்ணன் உள்ளே வந்தார். தம்பி கட்டில் காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"கையெழுத்துப் போட்டாச்சுடா. திங்கக்கிழமை இடிக்க வர்றாங்க. உன் கட்டையையெல்லாம் அள்ளிக்கிட்டுக் கிளம்பு."

நாடகக் கொட்டகையாக இருந்து, சினிமா தியேட்டராகி, பஞ்சுக் கிடங்காகி, இருபது வருடமாகத் தம்பியின் மரப்பட்டறையாக இருக்கும் கட்டடம் அது. பழைய மேடைமேல்தான் அவன் வேலை செய்வான். பால்கனிப் படிக்கட்டைப் பஞ்சுக்காரர்களே இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலியேண்ணே?"

"உன்னை எதுக்குடா கேக்கணும்? அப்பா என் பேர்லதானே எழுதினாரு? நீ ஆணியடிக்கத்தான் லாயக்கு."

கையிலிருந்த சுத்தியலால் தம்பி அண்ணன் நெற்றியில் ஓங்கி ஒரே போடாகப் போட்டான். அண்ணன் மரத்தூளில் சாய்ந்தார். தூள் சிவந்து ஊறியது.

உடனே பால்கனியில் கைதட்டல் எழுந்தது. யாரோ விசிலடித்தார்கள். தம்பி அண்ணாந்து பார்த்தான். கூரை ஓட்டை வழியாக மத்தியான வெயில் விழுந்துகொண்டிருந்தது. மேலே ஒருவருமில்லை.

சுத்தியலை எறிந்துவிட்டு அண்ணனை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டான்.

"தெரியாம செஞ்சுட்டேண்ணே! கண்ணைத் தொறண்ணே!"

அண்ணனுக்கு மூச்சு இல்லை.

"ஒன்ஸ் மோர்!" என்றது மேலிருந்து ஒரு குரல். பிறகு பால்கனி முழுவதும் சேர்ந்து கத்தியது.

அண்ணன் பிளந்த நெற்றியோடு எழுந்தார். நடந்துபோய்ச் சுத்தியலைப் பொறுக்கி வந்து, தம்பியின் கையில் திணித்தார்.

"அடிடா தம்பி. இவங்க நம்மளை லேசுல விடமாட்டாங்க."