ஆலிலையும் அத்திச் சங்கும்
பழைய மாணவி மர்சலின் இரண்டு மணி நேரமாக உதவிக்கு நிற்கிறாள். சாந்தோம் பள்ளிக்கூடத்துக் கண்காட்சி மேசையில், அவள் கொண்டுவந்த ஆலிலையும், கட்டுமரங்களுக்கு நடுவே காலையில் பொறுக்கிய சங்கும் சாய்வெயிலில் பளபளக்கின்றன. அத்திக்காய் போல் உருண்ட அந்தச் சங்குக்குள் இன்னும் ஈர மணல் இருக்கிறது. இரண்டின் சீட்டிலும், அத்தி என்று பொருள்படும் ‘ஃபைகஸ்’ என்ற ஒரே அறிவியல் பெயரை எழுதியிருக்கிறாள். ஐவி டீச்சர் சங்கின் சீட்டைக் கிழிக்க எடுக்கிறார். “என்னம்மா இது, ஆலமரத்துல சங்கு காய்க்குதா? பி.எஸ்சி. படிச்ச பொண்ணு நீ!” பக்கத்து மேசையில் நிற்கும் லூயிசா களுக்கென்று சிரிக்கிறாள். மர்சலினின் கை தானாக நீண்டு சீட்டைப் பிடித்துக்கொள்கிறது. சொல்லிவிடுகிறாள். “ரெண்டும் சரிதான் டீச்சர். செடிக்குப் பேர் வைக்கிற சட்டம் வேற, பிராணிக்கு வேற. அங்க வச்ச பேரையே இங்கயும் வைக்கலாம்.”