காலி உறைகள்

“உன்னாலதான்டி அவன் மாட்டுனான்!”

அப்பா போட்ட சத்தம் மாடிப்படி வரைக்கும் கேட்டிருக்கும். தம்பியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து மகளுக்கு இந்த வீட்டில் இதே அர்ச்சனைதான்.

தம்பி பத்திரிகைக்காரன். பெரிய இடத்து ஊழலை எழுதிவிட்டு பேர் தெரியாத ஊரில் ஒளிந்திருந்தான். அப்பாவிடம் பேசாமல் அவனால் இருக்க முடியவில்லை. நெட்வொர்க் வேலை பார்க்கும் அக்காவான இவள்தான் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு சின்னப் பெட்டியில், யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதை மறைக்கும் பிராக்ஸி போட்டுக் கொடுத்தாள். அப்பாவுக்கு எதற்கு மண்டைக்குடைச்சல் என்று, பேசும் விதத்தை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்தவள் இருட்டில் நாற்காலியை இடித்துக்கொண்டாள். அதற்குள் விளக்கையும் ஃபேனையும் அணைத்துவிட்டு அப்பா சமையலறைக்குப் போயிருந்தார். எத்தனை துக்கத்திலும் மனிதர் மாறவில்லை. அவள் மறுபடி போட்டுவிட்டு உட்கார்ந்தபோது தம்பி கேஸைப் பார்க்கும் வக்கீலம்மா போனில் அழைத்தார்.

“உங்க அப்பா வீட்டு லைன் எப்பெல்லாம் உயிரோட இருந்துச்சோ, அப்பெல்லாம் அவன் ரூம் லைன்லயும் டேட்டா போயிருக்கு. ரெண்டையும் பொருத்திப் பாத்துத்தான் பிடிச்சிருக்காங்க.”

“சான்ஸே இல்ல மேடம். யாரும் பேசாதப்பவும் பெட்டியிலேர்ந்து ராவும் பகலுமா காலி உறை மாதிரி எதாவது போய்க்கிட்டே இருக்கும். எப்ப நிஜமா பேசுறாங்கன்னு வெளிய இருக்கறவனுக்குத் தெரியவே தெரியாது.”

“பின்ன எப்படிம்மா தெரிஞ்சுது?”

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. மடிக்கணினியில் பெட்டியின் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். போகும் டேட்டா பொட்டலம் எல்லாமே ஒரே அளவு, ஒரே சீரான வேகம். குறை சொல்ல ஒன்றுமில்லை. என் தப்பு இல்லை, என் தப்பு இல்லை என்று உள்ளுக்குள் அழுதாள்.

அப்பா டீயோடு வந்தார். கோபம் வடிந்து, முகம் தொங்கிப் போயிருந்தது.

“கண்டுபிடிச்சியாம்மா?”

“எல்லாம் சரியாத்தான்ப்பா இருக்கு.”

“எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நீ சொன்ன மாதிரியே ஜாக்கிரதையாத்தான் பேசுனேன்.” அவர் டீயை அவளிடம் நீட்டினார். “பேசி முடிச்சதும் பெட்டி சுவிட்சக்கூட ஒரு நாளும் மறக்காம அணைச்சுருவேன். சும்மா எதுக்கு ஓடணும்னு.”

அப்படியானால் காலி உறை ஒன்றுகூடப் போனதில்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். டீ தட்டில் சிந்திக்கொண்டிருந்தது.

கணினியை மெல்ல மூடினாள்.

“நீங்க சொன்னதுதான் சரி. என்னாலதான்ப்பா அவன் மாட்டுனான்.”