இடி நேரத்தில் நட்ட கல்

வெம்பக்கோட்டைப் பக்கம் வானம் லேசாக உறுமினால் போதும், பட்டாசுக் கம்பெனிகளில் மணி அடித்துவிடுவார்கள். போட்டது போட்டபடி கிடக்க, ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்டுக்கு வெளியே போய்விட வேண்டும். மின்னலோடு யார் விளையாடுவது?

அந்தச் சித்திரை மாத மதியமும் அப்படித்தான் மணி அடித்தது. ஐந்தே நிமிடத்தில் கம்பெனி காலி. அந்த நேரம் பார்த்துத்தான், பக்கத்துப் புஞ்சைக்காரர் சங்கிலிமுத்து கம்பி வேலியின் அடிக்கம்பியைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்தார். கையில் கடப்பாரை, தள்ளுவண்டியில் நாலு கல்.

கம்பெனி முதலாளி மணிகண்டராஜ் சிவகாசி ஆபீஸில் உட்கார்ந்து கேமரா படத்தை செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு உள்ளே பதினைந்தடி தள்ளி சங்கிலிமுத்து குழி தோண்டுகிறார். கல்லை நடுகிறார். மண்ணைத் தள்ளி மிதிக்கிறார். அடுத்த குழிக்குப் போகிறார். நடுவில் கேமராவுக்கு நேராக நின்று துண்டால் சாவகாசமாக முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்.

"அடப்பாவி, பட்டப்பகல்ல எல்லைக் கல்லைத் தள்ளி நடுறானே!" மணிகண்டராஜுக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

கொதிக்காதா பின்னே? இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவில் இருக்கிற இருபது சென்டுக்குத்தான் இத்தனை காலமும் சண்டை. நாற்பதடி அகலம். முன்னொரு காலத்தில் அளந்து நட்ட சர்வே கல்லெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அளந்ததே தப்பு என்று மணிகண்டராஜின் அப்பா சொன்னார், வேலியைப் போட்டார். வேலிதான் எல்லை என்று ஆகிப்போனது. அடுத்த வாரம் அங்கே புது ஷெட்டுக்கு அஸ்திவாரம் போடுகிறார்கள். ஷெட் எழும்பிவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது, இருபது சென்டும் கம்பெனிக்குத்தான்.

மணிகண்டராஜ் போனை எடுத்தார். இன்ஸ்பெக்டரிடம் பேசினார். தாலுகா ஆபீஸில் பேசினார். காரில் ஏறி, நேராகக் கம்பெனிக்கு வந்து, தகரக் கொட்டகையில் வண்டியை நிறுத்தினார். மழை பெய்யாமலே வானம் வெளுத்திருந்தது. பின்னாலேயே இன்ஸ்பெக்டர் சீனிவாசகம் ஜீப்பில் வந்தார். அதற்குப் பின்னால் சர்வேயர் இசைவாணி, நில அளவுகள் குறித்த புலப்படத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அளவுச் சங்கிலி தூக்க இரண்டு ஆட்களோடு வந்து இறங்கினார்.

சங்கிலிமுத்து ஓடவில்லை. தான் நட்ட கல் ஒன்றின் மேலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"சர்வே கல்லை இடம் மாத்துனா உள்ள போகணும், தெரியுமாய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியுமுங்கய்யா."

"பாத்தீகளா சார், எம்புட்டுக் கொழுப்புன்னு!" மணிகண்டராஜ் குதித்தார். "மேடம், நீங்க அளங்க. இவன் எத்தனை அடி திருடியிருக்கான்னு எனக்குக் கணக்காத் தெரியணும்."

"அளக்கணுமா சார்? நிச்சயமா?" என்று கேட்டார் இசைவாணி.

"இஞ்ச் விடாம அளங்க!"

மூன்று ஊர் எல்லையும் சேருகிற இடத்தில் ஒரு பழைய கல் உண்டு என்று புலப்படம் சொன்னது. சீமைக்கருவேலம் புதருக்குள் அரைமணி நேரம் தேடி, சேலையெல்லாம் முள் கிழித்த பிறகு, இசைவாணி அதைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து சங்கிலியைப் பிடித்து அளந்துகொண்டே வந்தார்கள். வேலி வந்தது. தாண்டினார்கள். சங்கிலிமுத்து நட்ட கல் வந்தது. அதையும் தாண்டினார்கள்.

"மேடம், எங்க போறீக?" என்றார் மணிகண்டராஜ். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சங்கிலி தகரக் கொட்டகைக்குள் போய் நின்றது.

"சார், உங்க காரைக் கொஞ்சம் நகத்துங்க."

கார் நகர்ந்தது. கடப்பாரையை இரண்டு முறை போட்டதும் ணங்கென்று சத்தம் கேட்டது. மண்ணை விலக்கினால், தலையில் அம்புக்குறி கொத்திய அசல் சர்வே கல்! அது இருந்த இடத்திலேயேதான் இருந்திருக்கிறது. யாரோ தலை தெரியாமல் மண்ணைக் கொட்டி மூடியிருக்கிறார்கள்.

"வேலியிலிருந்து நாப்பதடி உள்ளே இருக்கு எல்லை," என்று எழுதிக்கொண்டே சொன்னார் இசைவாணி. "இந்த இருபது சென்டும் சங்கிலிமுத்துவோடதுதான். இங்க ஷெட் போட முடியாது."

"அப்ப இவன் நட்ட கல்லு?"

"அதுல குறியே இல்லையே சார். மாட்டுக் கொட்டத்துத் தூணை ஒடைச்ச கல்லு மாதிரி இருக்கு."

மணிகண்டராஜ் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "சொந்த நிலத்துல சொந்தக் கல்லை நட்டா நான் என்னன்னு கேஸ் எழுத?" என்று கையை விரித்தார் அவர். அளந்த விவரத்தில் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார் இசைவாணி. போட மாட்டேன் என்று சொல்ல மணிகண்டராஜுக்கு வழியில்லை. அளக்கச் சொன்னதே அவர்தானே! பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. சங்கிலிமுத்துவை ஓரமாக அழைத்துப் போனார். "யோவ், அங்கன கேமரா இருக்குன்னு ஒமக்குத் தெரியாதா? அதுக்கு நேரா நின்னா குழி தோண்டுவீரு?"

"தெரியாமயாங்கய்யா? கல்லைக் காணோம், வந்து அளந்து குடுங்கன்னு பதினொரு வருசமா நானும் மனு மேல மனுவாப் போட்டேன், ஒரு ஆளும் எட்டிப் பாக்கலை. மொதலாளி ஆளுக்கொரு போன் போட்டாரு, ஒரு மணி நேரத்துல அம்புட்டுப் பேரும் வந்து நிக்கீக!"